பாலாற்றங்கரையிலிருந்து பூஸான் வரை

தேசத்துக்குத் தேசம் நடக்கும் பரிவர்த்தனையில் இரண்டு விதம் உண்டு. பண்டத்தைக் கொடுத்துப் பண்டம் வாங்குவது ஒன்று. பிள்ளையை அனுப்பிக் கல்வியைக் கொண்டுவருவது மற்றொன்று. முதல் வகையில் வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்தாருக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அநுபவம் உண்டு. இரண்டாவது வகை இப்போது அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. கலாசாலைகளிலே படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் கொரியா தேசத்துச் சர்வகலாசாலைகளுக்குப் பரிவர்த்தனை மாணவராய்ப் போய் வருகிறார்கள். பழைய வியாபாரத்தில் கற்ற பாடம் இந்தப் புதிய வியாபாரத்துக்கு உதவுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நேயர்கள் காட்பாடியில் ரயிலேறி மேற்கே பிரயாணம் செய்தால், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். தெற்கே ஜவ்வாது மலை துணையாக வரும். பாலாறும் கூடவே வரும். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் ஜலம் இராது, மணல்தான் இருக்கும். ஆம்பூரில் இறங்கியவுடனே நம்முடைய மூக்கு இரண்டு சமாசாரங்களை ஒருங்கே தெரிவிக்கும்: ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல். காலை வேளையில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் பெண்மணிகள் ஜோடு தைக்கும் தொழிற்சாலைகளுக்குள் நுழைவதைக் காணலாம். அவர்கள் கைபட்ட பூட்ஸுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறு பெயர் பொறித்துக்கொண்டு விலையாகின்றன.

முன்காலத்தில் அந்த அளவுகூட இல்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்து அரைகுறையாகப் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி லண்டனுக்குப் போகும். அங்கே மெருகேறிப் பூட்ஸாகவும் பையாகவும் உருவெடுத்து, பத்து மடங்கு மதிப்போடு உலகத்தைச் சுற்றும். உழைப்பும் நாற்றமும் நமக்கு. லாபமும் பெயரும் அவர்களுக்கு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைப் பரிசோதித்து வழி காட்டினார். ஆயினும் பச்சைத் தோல் வெளியேறுவதை நம் சர்க்கார் தடுத்தது 1973-ல்தான். உள்நாட்டிலேயே தோலை முற்றிலும் பக்குவப்படுத்தி, முடிந்த பண்டமாக அனுப்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆம்பூரின் இன்றைய தொழிற்சாலைகளுக்கு அந்தக் கொள்கை பெரிய ஊன்றுகோலாயிற்று.

தோலுக்குச் சொன்ன இந்த நியாயம் பிள்ளைகளுக்கும் பொருந்தும் அல்லவா? பதினேழு வயதுவரை பெற்றோரும் ஊராரும் வளர்த்த அறிவைப் பக்குவப்படாத நிலையில் கப்பலேற்றிவிட்டு, அதன் முழுப் பயனை வேறொரு தேசம் அநுபவிக்கப் பார்த்திருப்பது பச்சைத் தோல் வியாபாரத்துக்குச் சமானந்தான். பரிவர்த்தனை மாணவர் விஷயத்தில் ஒரு நன்மை உண்டு. அவர் ஓரிரு பருவம் அங்கே படித்துவிட்டுத் தம் சொந்தக் கலாசாலைக்கே திரும்பிப் பட்டம் பெறுகிறார். திரும்பி வருவது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. என்ன கொண்டு திரும்புகிறார் என்பதே கேள்வி.

இதற்குத் தக்க முன்மாதிரி நம் தோல் தொழிலிலேயே இருக்கிறது. குண்டூர் ஜில்லாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1922-ல் பிறந்த எலவர்த்தி நாயுடம்மா, காசி ஹிந்து சர்வகலாசாலையில் ரஸாயனத் தொழில் நுட்பம் கற்று, சென்னையில் தோல் பதனிடும் வித்தை பயின்று, பிறகு இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டனிலும் அமெரிக்காவில் லீஹை சர்வகலாசாலையிலும் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். படித்த இடத்தில் அவர் தங்கிவிடவில்லை. 1948-ல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு 1958-ல் டைரக்டரானார். விஞ்ஞானி ஆராய்ச்சிசாலையிலேயே அடைந்து கிடக்கலாகாது, தோல் பதனிடுவோரிடம் போய்ப் பேசவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் உயிர் நீத்தார். அவர் கொண்டுவந்த வித்தையோ இங்கே நிலைத்துவிட்டது.

கொரியர்களும் இந்த வழியையே பின்பற்றினார்கள். 1953-ல் யுத்தம் ஓய்ந்தபோது அத்தேசம் பாழடைந்து கிடந்தது. 1966-ல் ஸியோல் நகரில் ஒரு பெரிய விஞ்ஞான ஸ்தாபனத்தை நிறுவி, அயல்நாடுகளில் படித்து வேலை பார்த்துவந்த தம்மவர்களைச் சொந்த நாட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். இன்று நம் மாணவர்கள் அங்கே போகத் தகுந்த சர்வகலாசாலைகள் இருப்பதற்கு, அன்று திரும்பி வந்த அந்த மனிதர்கள் ஒரு முக்கிய காரணம்.

ஆம்பூர்ப் பிள்ளை அவசியம் பார்க்கவேண்டிய ஊர் பூஸான். கொரியாவின் தென்கிழக்குத் துறைமுகம் அது. 1970, 80-ம் ஆண்டுகளில் உலகத்து ஓட்டப்பந்தய ஜோடுகள் ஏராளமாக அங்கே தயாராயின. அங்கும் தைத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அங்கும் பெயர் அந்நியருடையதே. 80-களின் இறுதியில் கூலி உயர்ந்தவுடன், அந்நிய நிறுவனங்கள் இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என்று மலிவான இடம் தேடி நகர்ந்தன. பூஸானில் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. அச்சு, பசை, ரப்பர், புது மாதிரி ஆகியவற்றின் நுட்பம் அறிந்த சிலரே தாக்குப் பிடித்தார்கள். கைக்கூலி மலிவை மட்டும் நம்பிய தொழில் எந்த ஊரிலும் விருந்தாளிதான். என்றைக்கு மூட்டை கட்டும் என்று சொல்ல முடியாது. இது ஆம்பூருக்கு நேரே சொன்ன எச்சரிக்கை.

இன்னொரு பாடம் நீரைப் பற்றியது. 1991-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரியாவின் நக்டாங் நதியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பீனால் என்னும் விஷ ரஸாயனம் கலந்தது. டேகு நகரத்துக் குழாய்களில் நாற்றமடிக்கும் ஜலம் வந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்து அந்த நிறுவனத்தாரின் பண்டங்களையே பகிஷ்கரித்தார்கள். அதே 1991-ல் பாலாற்றுக்காக வேலூர்ப் பிரஜைகள் நல சங்கத்தார் நமது சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. எனினும் 2015-ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்டஈடு அளிக்க உத்தரவிடவேண்டியதாயிற்று. ஆகவே நதியைக் காப்பாற்றும் வித்தையைக் கற்று வருபவர்கள் நமக்கு இப்பொழுதே தேவை.

இனி, பிள்ளையையோ பெண்ணையோ அனுப்ப எண்ணும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பரிவர்த்தனை ஏற்பாட்டில் பொதுவாகச் சம்பளத்தைச் சொந்தக் கலாசாலைக்கே கட்டினால் போதும். பிரயாணம், ஜாகை, சாப்பாடு ஆகிய செலவுகள் தனி. அங்கே பருவங்கள் மார்ச்சிலும் செப்டம்பரிலும் துவங்கும். பாடங்கள் சில இங்கிலீஷில் நடந்தாலும், கடைத்தெருவில் கொரிய பாஷையே செல்லும். 15-ம் நூற்றாண்டில் ஸேஜாங் அரசர் வகுத்த அவர்களுடைய எழுத்து மிக எளியது. இன்று வழங்குவன 24 அடிப்படை எழுத்துக்களே. தகப்பனாரை அவர்களும் ‘அப்பா’ என்றே அழைப்பார்கள். அதைக் கேட்டு நம் பிள்ளைக்கு முதல் வாரத்து ஏக்கம் கொஞ்சம் குறையலாம். சோறு உண்டு, ஆனால் சைவர்கள் விசாரித்தே சாப்பிடவேண்டும். கிம்ச்சி என்னும் கோசு ஊறுகாயிலும் மீனோ இறாலோ கலந்திருப்பது உண்டு. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் கம்பளிச் சட்டை அத்தியாவசியம்.

இவை யாவும் சிறு கஷ்டங்கள். பெரிய கடமை ஒன்று உண்டு. புறப்படுமுன் பிள்ளை ஒரு நாள் தோல் ஷாப்புக்குள் சென்று, சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பவரிடமும், ஜோடு தைக்கும் பெண்மணியிடமும், ஆற்றோரத்துக் கிணற்றுக்குச் சொந்தக்காரரான விவசாயியிடமும், அவரவர் குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொரியா போகட்டும். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடையோடு திரும்பி வந்தால், பரிவர்த்தனையில் இந்த முறை நமக்கு நஷ்டமில்லை.