சேவ் பண்ணித்தான் இருக்கன், சேர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். கணினிப் பாடம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் வாசியுங்கள். நான் விட்ட பிழை ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் அவளுடைய வாப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

திருகோணமலை டவுனில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது. எங்கள் கணினிக் கூடத்தில் உள்ள மெஷின்கள் பழையவை. ஒன்றைத் திறந்து பைதன் வரும்வரைக்கும் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்: "ஒருக்கா திறந்த கறுப்பு ஜன்னலை பீரியட் முடியும்வரைக்கும் மூடக்கூடாது." இந்தச் சட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் இருக்கிறது.

அன்று மொட்யூல் பற்றிய செய்முறை. ஒரு பைலில் விவரங்களை எழுதி வைத்து, இன்னொரு இடத்தில் இம்போர்ட் செய்து பாவிப்பது. எல்லோரும் புத்தகத்தில் உள்ள உதாரணத்தைச் செய்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் சொந்தமாக ஒன்று செய்திருந்தாள். அவளுடைய வாப்பா விடியப்புறம் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஜமாலியா, உப்புவெளிப் பக்கம் விற்பவர். மீனுக்கு நாளுக்கொரு விலை. அதனால் 'விலை' என்று ஒரு பைல், அதில் சூரை 800, பாரை இவ்வளவு, கீரி இவ்வளவு என்று எழுதி, கிலோக் கணக்கைப் போட்டால் மொத்தம் வருகிற மாதிரிச் செய்திருந்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

"சரி மகள், இன்றைக்குச் சூரை 950 என்று வைங்க. மாத்திக் காட்டுங்க" என்றேன்.

நோட்பேட்டில் 800ஐ 950 ஆக மாற்றினாள். கறுப்பு ஜன்னலில் மறுபடியும் 'இம்போர்ட் விலை' என்று அடித்தாள். சூரை எவ்வளவு என்று கேட்டாள். 800 என்று வந்தது.

"சேவ் பண்ணல்ல" என்றேன்.

"சேவ் பண்ணித்தான் இருக்கன், சேர்."

"அப்ப வேற ஃபோல்டர்ல சேவ் ஆகியிருக்கும்."

"இல்ல சேர், அதே இடத்திலதான். பாருங்க." பைலைத் திறந்து காட்டினாள். 950 என்று இருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு வேகம். பின்னால் நாலு பேர் கை தூக்கிக்கொண்டு இருக்கிறார்கள், மணி அடிக்கப் போகிறது. "இப்பதான் சேவ் பண்ணியிருப்பீங்க. பொய் சொல்லக் கூடாது மகள்" என்று சொல்லிவிட்டு, நானே அந்த ஜன்னலை மூடினேன். திரும்பத் திறந்து, இம்போர்ட் செய்து காட்டினேன். 950 வந்தது. "பார்த்தீங்களா? ஒழுங்கா சேவ் பண்ணினா வரும்."

முழு வகுப்பும் கேட்டது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கொப்பியில் ஏதோ எழுதினாள்.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில், வலய மட்டப் போட்டி ஒன்றுக்கு மூன்று பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பில் இருந்த நண்பர் கேட்டார், அந்தப் பிள்ளை எப்படி என்று. "கெட்டிக்காரிதான், ஆனா கவனம் போதாது. பிழையை ஒத்துக்கொள்ளவும் மாட்டா" என்றேன். சொன்னதும் மறந்துவிட்டேன்.

மூன்று, நாலு நாள் கழித்து, இஷாவுக்குப் பிறகு வீட்டில் மடிக்கணினியில் வகுப்புச் சோதனைப் புள்ளிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கென்று நானே எழுதிய சின்னப் புரோகிராம். ஏ, பி, சி, எஸ் எல்லைகள் தனி பைலில் இருக்கும். இந்த முறை சோதனை லேசாக இருந்ததால் சித்திக்கான எல்லையை 35இலிருந்து 40 ஆக்கினேன். சேவ் பண்ணினேன். திறந்து கிடந்த ஜன்னலிலேயே திரும்ப இம்போர்ட் செய்து ஓட்டினேன். 37 எடுத்த பிள்ளை சித்தி என்று வருகிறது.

சேவ் பண்ணவில்லையோ என்று பார்த்தேன். பண்ணியிருந்தேன். வேறு ஃபோல்டரோ என்று பார்த்தேன். அதே ஃபோல்டர்தான். அப்போதுதான் நெஞ்சுக்குள் திக்கென்றது. "சேவ் பண்ணித்தான் இருக்கன், சேர்" என்ற குரல் காதில் கேட்டது.

அன்றிரவு புள்ளிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். அவளுடைய 'விலை' பைலைப் போலவே ஒன்று செய்தேன்.

முதல் சோதனை. பைலின் முதல் வரியில் "விலைப் பட்டியல் வாசிக்கப்படுகிறது" என்று பிரின்ட் பண்ணச் சொல்லி எழுதினேன். முதல் தடவை இம்போர்ட் செய்தபோது அந்த வரி திரையில் வந்தது. இரண்டாம், மூன்றாம் தடவைகளில் வரவில்லை. அதாவது, பைதன் அந்த பைலைத் திரும்ப ஓட்டவே இல்லை. ஏற்கெனவே ஏற்றிய மொட்யூல்களின் பெயர்களை 'சிஸ்.மொட்யூல்ஸ்' என்ற அகராதியில் வைத்திருக்கிறது. இம்போர்ட் என்றதும் முதலில் அங்கேதான் தேடும். பெயர் இருந்தால் அதையே தூக்கித் தந்துவிடும். பைல் மாறியிருக்கிறதா என்று அப்போது பார்ப்பதில்லை. இது குறையும் இல்லை. ஒரு பெரிய புரோகிராமில் பத்து பைல்கள் ஒரே மொட்யூலைக் கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓட்டினால் நேரமும் வீண், ஒரே சாமான் பத்துப் பிரதியாகவும் ஆகிவிடும்.

இரண்டாம் சோதனை. அப்படியென்றால் மூடாமல் புதுப்பிக்க முடியாதா? முடியும், ரீலோட் என்று ஒன்று இருக்கிறது. என் பழைய குறிப்பில் 'இம்ப்' மொட்யூலில் எடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். அடித்துப் பார்த்தால் அப்படி ஒரு மொட்யூலே இல்லை என்கிறது! பைதன் 2இல் ரீலோட் நேரடியாகவே இருந்தது. பைதன் 3இல் 'இம்ப்'புக்குள் போனது. 3.4இலிருந்து 'இம்போர்ட்லிப்'புக்குள் இருக்கிறது. 2023இல் வந்த 3.12இல் 'இம்ப்'பை எடுத்தே விட்டார்கள். ஆக, பிள்ளையின் ஜன்னல் மட்டும் பழையதில்லை, என் குறிப்புக் கொப்பியும் பழையதுதான். 'இம்போர்ட்லிப்' மூலம் ரீலோட் செய்தேன். பிரின்ட் வரி திரும்ப வந்தது. சூரை 950.

மூன்றாம் சோதனைதான் என்னைத் தூங்க விடாதது. 'ஃப்ரொம் விலை இம்போர்ட் சூரை' என்று, மொட்யூலுக்குள்ளிருந்து சூரையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு பைலில் விலையை மாற்றி ரீலோட் செய்தேன். 'விலை.சூரை' என்று கேட்டால் 950. வெறும் 'சூரை' என்று கேட்டால் 800! மொட்யூல் திருந்திவிட்டது. ஆனால் அதிலிருந்து முன்னமே எடுத்துக்கொண்டு போனவரிடம் பழையதுதான் இருக்கிறது. ரீலோட் அவரைத் தேடிப் போய்த் திருத்துவதில்லை. திரும்பவும் அந்த 'ஃப்ரொம்' வரியைப் போட்டால்தான் அவரிடமும் மாறும்.

நாலாவது, பைலில் பாரை வரியையே அழித்துவிட்டு ரீலோட் செய்தேன். பாரை அப்படியே இருக்கிறது. ரீலோட் பழைய அகராதியைக் காலி செய்வதில்லை. புதிதாக எழுதியதை மேலே எழுதும், அழித்ததைத் தேடி அழிக்காது. முழுக்கச் சுத்தமாக வேண்டுமென்றால் ஜன்னலை மூடித் திறப்பதுதான் வழி.

யோசித்துப் பாருங்கள். நான் ஜன்னலை மூடித் திறந்ததும் 950 வந்ததே, அது அவள் சேவ் பண்ணவில்லை என்பதற்கான ஆதாரமில்லை. அவள் சேவ் பண்ணியிருந்தாள் என்பதற்கான ஆதாரம். ஜன்னலை மூடக்கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தான். அதற்குக் கட்டுப்பட்ட பிள்ளையைப் பொய்காரி ஆக்கியவனும் நான்தான்.

அடுத்த பீரியட்டில் வகுப்பு முழுவதற்கும் முன்னால் சொன்னேன்: "அன்றைக்குப் பிழை என்னுடையது. அவ சொன்னது உண்மை." இந்தச் சோதனைகளை அவளையே செய்து காட்டச் சொன்னேன். விளங்கப்படுத்த என் மூத்தவாப்பாவின் கதையையும் சொன்னேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்பு பாதை ஏறித்தான் இங்கால வரவேண்டும். பாலம் வந்து, அதில் எத்தனையோ தரம் போய் வந்த பிறகும் அவர் பின்னேரமானால் எங்களைக் கேட்பார், "இவ்வளவு நேரமாச்சே, பாதை கிடைக்குமா?" என்று. ஊர் மாறிவிட்டது, மனதில் ஏறியது மாறவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மூன்றாம் சோதனை ஞாபகம் வந்தது. நான் திருந்திவிட்டேன், சரி. என்னிடமிருந்து "கவனம் போதாது" என்பதை எடுத்துக்கொண்டு போன நண்பர்?

இடைவேளைக்கு ஓடினேன். அவர் பட்டியலைக் கொடுத்து இரண்டு நாளாகியிருந்தது. மூன்று பெயர்களில் அவள் இல்லை. "நீங்கதானே சேர் சொன்னீங்க" என்றார். அவர் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெயர்கள் மேலே போய்விட்டன, இந்த முறை மாற்ற முடியாது என்றார். அதுவும் நியாயம், தெரிவான மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்.

அவளைக் கூப்பிட்டு அதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "பரவால்ல சேர். அன்றைக்கு வீட்ட போய் நானும் நினைச்சன், நான்தான் சேவ் பண்ணல்லயோ என்று" என்றாள்.

போட்டியை விட இதுதான் எனக்குப் பாரம். கண்ணால் கண்டதையே அந்தப் பிள்ளை சந்தேகப்பட்டிருக்கிறாள், நான் உறுதியாகச் சொன்னதனால். அடுத்த முறை சரியாகச் செய்திருந்தும், ஒரு பெரியவர் இல்லை என்றதும் வாயை மூடிக்கொள்வாளோ?

இப்போது கணினிக் கூடத்தில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டேன். பைலை மாற்றினால் ஜன்னலை மூடித் திற, நேரம் போனால் போகட்டும். ஒரு பிள்ளை "மாத்தினேன், மாறல்ல" என்றால், "சேவ் பண்ணினீங்களா?" என்று முதலில் கேட்பதில்லை. "செய்து காட்டுங்க, பார்ப்பம்" என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். ஓய்வறையில் ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால், இந்தக் கிழமை நான் பார்த்ததை மட்டும் சொல்லப் பழகுகிறேன். யார் யாரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று யோசித்து, ஒவ்வொருவராகப் போய்த் திருத்திக்கொண்டும் இருக்கிறேன். எல்லாம் ஞாபகம் வருவதில்லை.

அவள் இப்போது புரோகிராமை மாற்றியிருக்கிறாள். விலைகளை மொட்யூலில் எழுதாமல் ஒரு டெக்ஸ்ட் பைலில் வைத்து, கணக்குப் போடும் ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து வாசிக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. வாப்பா காலையில் கரையிலிருந்து கோல் எடுத்து விலையைச் சொன்னால், ஸ்கூலுக்கு வரமுன் மாற்றி வைத்துவிடுவாளாம்.

ஆசிரிய நண்பர்களே, அந்த முதல் சோதனையை உங்கள் கூடத்திலும் ஒருக்கா செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு பிரின்ட் வரி, இரண்டு இம்போர்ட். என்னைப் போல நீங்களும் யாரையாவது பேசியிருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் உங்கள் வகுப்பில்தான் இருக்கும்.