முயலாக அழும் பெட்டி

சான் ஆஞ்சலோ, டெக்ஸாஸ்



இங்கே முயலின் மரண ஓலம் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. தோட்டாவும் தூண்டில் முள்ளும் விற்கிற கடையில் ஒரு அலமாரி முழுக்க ஒலிப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குரல்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள்: பிடிபட்ட முயல், வேலியில் சிக்கிய மான்குட்டி, சிறகொடிந்த மரங்கொத்தி, கூட்டத்தைத் தேடும் ஒற்றை ஊளை. எல்லாவற்றுக்கும் ஒரு ரிமோட். பக்கத்திலேயே இன்னொரு சாமான் இருக்கிறது. பாட்டரி மோட்டார், அதில் செருகிய நீளக் கம்பி, கம்பி நுனியில் ஒரு கொத்து ரோமம். பொத்தானை அமுக்கினால் ரோமம் புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளி ஆடும். ஓலம் காதுக்கு, ஆட்டம் கண்ணுக்கு. இத்தனை ஏற்பாடும் கொயோட்டியை வரவழைக்க.

கொயோட்டி நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட பிராணி, நம் தெருநாயை விடப் பெரிதல்ல. ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் உண்டு. நான் குடியிருக்கும் மேற்கு டெக்ஸாஸ் செம்மறியும் வெள்ளாடும் மேயும் சீமை. இந்த ஊரே கம்பளிச் சந்தையால் பேர் வாங்கியது. ஆடு குட்டி போடும் பருவத்தில் கொயோட்டிக்கும் பிள்ளைப்பேறு; ஆட்டுக்குட்டி அதற்கு எளிய இரை. டெக்ஸாஸில் அதைச் சுட இன்ன மாதம்தான், இத்தனைதான் என்ற வரையறை கிடையாது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவருக்கு ஊருக்கு வெளியே ஆட்டுப்பண்ணை. போன பிப்ரவரியில் விடிவதற்கு முன் என்னையும் கூட்டிப்போனார். மேட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினோம். நான் கதவைச் சாத்தப் போக, கையைப் பிடித்துத் தடுத்தார். சத்தம் வராமல் ஒட்டி வைத்தால் போதுமாம். அதற்கப்புறம் எல்லாமே காற்றுக் கணக்குதான். கொயோட்டி குரல் கேட்ட இடத்துக்கு நேராக வராது. சுற்றிப் போய், காற்று தன் மூக்குக்கு வரும் பக்கத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும். ஆகவே பெட்டியையும் ஆடும் ரோமத்தையும் நாற்பது ஐம்பது கஜம் தள்ளி, குறுக்குக் காற்றில் வைக்க வேண்டும். அது சுற்றி வருகிற வழி துப்பாக்கிக்கு எதிரே வெட்டவெளியாக அமைய வேண்டும். நாங்கள் ஒரு மெஸ்கீட் புதரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான், முள்ளும் அப்படியே.

பெட்டி அழ ஆரம்பித்தது. முயல் வாயில்லாப் பிராணி என்று நினைத்திருந்தவன் நான். சாகும்போது அது கைக்குழந்தை வீறிடுவது போல் கத்துமாம். கால் மணி நேரம் ஆகியிருக்கும், சாம்பல் நிறத்தில் ஒன்று ஓடி வந்தது. எங்களை அது ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க அந்த ரோமக் கொத்தின் மேலேயே இருந்தது. பெரியவர் பெட்டியை நிறுத்திவிட்டுத் தன் வாயால் ஒரு தரம் குரைத்தார். அது சட்டென்று நின்று யார் என்று பார்த்தது. சுட்டார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அது விழுந்த மறு விநாடியே வேறொரு பொத்தான்: அடிபட்ட கொயோட்டிக் குட்டியின் அலறல். கொயோட்டிகள் ஜோடியாகத் திரிபவை. ஒன்று விழுந்தால் மற்றது ஓடிப்போகும், ஆனால் குட்டி அலறினால் திரும்பும். முயல் ஓலத்துக்கு வருவது பசி. இந்த அலறலுக்கு வருவது வேறு. அன்று துணை திரும்பி வந்தது. பாதி வழியில் நின்று கேட்டது. பிறகு மெஸ்கீட் காட்டுக்குள் போய்விட்டது. "படித்துவிட்டது, இனி இந்தக் குரலுக்கு வராது" என்றார் பெரியவர். தப்பிப்போன கொயோட்டியைப் 'படித்தது' என்றுதான் இங்கே எல்லா வேட்டைக்காரர்களும் சொல்கிறார்கள்.

குரல் கொடுத்து வரவழைக்கும் இந்தக் கலைக்கு டெக்ஸாஸ்தான் தாய்வீடு. மார்பிள் ஃபால்ஸ் ஊரில் மோர்ட்டன் பர்னம் என்பவர் வெறும் வாயாலும் கையாலும் முயலாகக் கத்தி நரிகளை வரவழைப்பாராம். அவர் பிள்ளைகள் மர்ரியும் வின்ஸ்டனும் 1950களில் ஊதுகுழல் செய்து தபாலில் விற்கத் தொடங்கினார்கள். வேக்கோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட் 1960களில் விலங்குகளின் ஓலத்தை இசைத்தட்டில் பதிந்து விற்றார். இசைத்தட்டு போய்க் கேசட் வந்தது, கேசட் போய் இந்தப் பெட்டி. மோர்ட்டன் பர்னத்துக்கு முயலையும் நரியையும் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பாட்டரி தீராமல் இருந்தால் போதும்.

ஏமாற்றி அழைப்பதில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வேட்டுவர் குடியிருப்பில், மானைப் பிடிக்கப் பழக்கிய பார்வை மான் விளாமரத்தில் கட்டிக் கிடக்கிறது. கூண்டுக் கவுதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பதை நம் மானாவாரிக் காட்டில் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மானுக்கும் கவுதாரிக்கும் தினமும் தீனி போட வேண்டும். அதனாலேயே வேட்டை ஒரு அளவுக்குள் நின்றது என்று நினைக்கிறேன்.

அளவு என்றதும் இந்நாட்டுச் சட்டம் நினைவுக்கு வருகிறது. வாத்து வேட்டைக்கு ஒலிப்பெட்டி கூடாது என்பது மத்திய அரசின் விதி. வாயால் ஊதலாம், பதிவு செய்த குரலைப் போட்டால் குற்றம். பறவைக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்று வேட்டைக்காரர்களே அதைப் பெருமையாகச் சொல்வார்கள். இதற்கிடையில் பனிவாத்துகள் கணக்கில்லாமல் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையின் தூந்திரப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்னத் தொடங்கின. 1999இல் பனிவாத்து வேட்டைக்கு ஒலிப்பெட்டியை அனுமதித்தார்கள். வாத்தும் மாறவில்லை, பெட்டியும் மாறவில்லை. வாத்து குறைய வேண்டும் என்று மனிதன் முடிவு செய்ததும் தப்பிக்கும் வாய்ப்பு பறிபோனது. கொயோட்டிக்கு அந்த வாய்ப்பை யாரும் எப்போதும் கொடுத்ததே இல்லை. நியாய வேட்டை என்று இவர்கள் சொல்வதெல்லாம், அடுத்த வருடமும் வேண்டும் என்று நினைக்கிற விலங்குக்கு மட்டும் காட்டுகிற மரியாதை என்றே எனக்குப் படுகிறது.

இத்தனைக்குப் பிறகும் கொயோட்டி குறைந்ததா என்றால், இல்லை. 1931 முதல் சட்டம் போட்டு, அரசே சம்பளம் கொடுத்துக் கொல்கிறது, விமானத்திலிருந்தும் சுடுகிறார்கள். நஞ்சும் வைத்தார்கள். மத்திய அரசு நிலங்களில் அதை 1972இல் அதிபர் நிக்சன் தடுத்தார். ஓநாயை ஒழித்த இடத்திலெல்லாம் கொயோட்டி குடியேறியது. 1975இல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வருடா வருடம் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றுகொண்டே இருந்தாலும் பூண்டோடு அழிய ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஒழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? குட்டி போடுகிற ஆறு வாரம் என் வேலிக்குள் வராமல் இருந்தால் போதும்" என்றார். ஆட்டுக்கறி தின்று வளர்ந்த எனக்கு இதற்கு மறுமொழி கிடையாது.

எனக்குச் சகிக்காதது போட்டி வேட்டை. ஓரிரவில் யார் அதிகம் கொன்றது, யாருடைய பாப்கேட் பூனை கனமானது என்று எடை போட்டுப் பரிசு தருகிறார்கள். பரிசுத்தொகை பெரிதென்பதால் திருட்டுத்தனமும் உண்டு. ஆகவே பெரிய போட்டிகளில் ஜெயித்தவரைப் பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு முன் உட்கார வைக்கிறார்கள்! இரவு முழுக்க முயலாகவும் குட்டியாகவும் பொய்யழுகை அழுதவரிடம் காலையில் உண்மை கேட்கிறார்கள். இப்படிப்பட்ட போட்டிகளுக்கு 2014இல் கலிபோர்னியாவும், 2018இல் வெர்மான்ட்டும், 2019இல் பக்கத்து நியூ மெக்ஸிகோவும் தடை போட்டன. டெக்ஸாஸில் தடை இல்லை.

பெரியவருக்கும் போட்டிக்காரர்களைப் பிடிக்காது, ஆனால் காரணம் வேறு. வெளியூர்க்காரர்கள் ராத்திரியில் வந்து, பெட்டியில் இருக்கிற எல்லாக் குரலையும் போட்டு, பாதியைத் தவறவிட்டுப் போய்விடுகிறார்களாம். மிச்சமிருக்கும் கொயோட்டியெல்லாம் படித்துவிடுகிறது. பிறகு அவர் என்ன போட்டாலும் ஒன்றும் வருவதில்லை. அதனால் இந்த வருடம் மந்தையோடு காவலுக்கு விடுவதற்கு இரண்டு கிரேட் பிரனீஸ் நாய்க்குட்டிகள் வாங்கியிருக்கிறார். ஆட்டுக் கொட்டிலிலேயே வளர்க்கிறார்; வீட்டுப் படியேற விடுவதில்லை.

அன்புடன்,
உங்கள் டெக்ஸாஸ்காரன்