முற்பணமும் அடைக்கலமும்

வாடகைக்கு இடம்பெறுவோர் வீட்டுக்காரரிடம் முதலிற் கொடுத்துவைக்கும் தொகையை நாம் முற்பணம் என்கிறோம். இப்பெயரே பல பிணக்குகளுக்குத் தோற்றுவாய் எனலாம். வாடகையின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெற்றுவிட்டதாக வீட்டுக்காரர் கருதுகிறார். கொடுத்தவரோ அது திரும்பிவரும் தம் பணமென நம்பியிருக்கிறார். ஒரே தொகைக்கு இருவர் உரிமையாளராகிவிடுகின்றனர்.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் உப்புவெளியைக் கடந்தபின் எங்கள் சாம்பல்தீவைக் காண்பர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் அமைந்திருப்பதால், மாணவருக்கு அறை கொடுத்துச் சிறுவருவாய் பெறும் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. எங்கள் வீட்டுப் பின்னறையிலும் இரு மாணவியர் தங்கினர். மூன்று மாத வாடகையை முற்பணமாகத் தந்தனர். தந்தையாரின் படகு எஞ்சின் பழுதடைந்தபோது, அலுமாரியிலிருந்த அத்தொகையை எடுத்துவிட்டுப் பின்னர் வைக்கலாமென அவர் கூறினார். "உது பிள்ளையளின்ர காசு, நாங்கள் தொடேலாது" என்ற தாயார் தம் காப்பை அடைவு வைத்தார். மீட்கும்வரை வட்டியும் கட்டினார்.

பொருளியல் பயிலும் நண்பரொருவர் இதைக் கேட்டு நகைத்தார். கையிற் பணமிருக்க வட்டிக்குக் கடன்படுதல் கணக்குக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். ஆனால் அக்கணக்கின் மறுபக்கத்தை என் பல்கலைக்கழகத்தை அடுத்த வாடகையறையொன்றிற் கண்டேன். நானும் உடன்தங்கிய இருவரும் அறையைவிட்டு நீங்கிய அன்று, "அடுத்த ஆக்கள் வரட்டும், தாறன் தம்பி" என்றார் வீட்டுக்காரர். எங்கள் பணம் முன்னரே செலவாகிவிட்டது. புதியவர் தருவதே பழையவர்க்குச் செல்லும். நான்கு மாதம் காத்திருந்தோம். புதிய அறையின் முற்பணத்துக்கு நண்பரிடம் கடன்பட்டோம். அவர் தவிர்த்துக்கொண்ட கடன் எங்கள் தலையில் இறங்கியது.

வீட்டுக்காரர் எதனையும் கழிக்கலாகாது என்பதன்று. குடியிருந்தோர் நீங்கியபின் வரும் மின்கட்டணம், உடைத்த கண்ணாடியின் விலை ஆகியவற்றைக் கழித்தல் நியாயமே. கடலோர உப்புக்காற்றில் துருவேறிய கதவுப் பிணைச்சலுக்கும் நிறம் மங்கிய சுவருக்கும் அவர்கள் பொறுப்பாளிகளல்லர். அத்தேய்மானம் மாதாந்த வாடகையிலேயே அடங்கும்.

நமது நாட்டின் 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், தன் ஆட்சிக்குட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணம் கோருவதைத் தடுத்தது. எவ்வளவு பெறலாம் என்பது ஒரு வினா. பெற்றதை எங்ஙனம் வைத்திருப்பது என்பது வேறொரு வினா. அதற்குரிய விடையை நம் இலக்கியம் முன்பே சிந்தித்துள்ளது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவ்வடைக்கலத்தை இழந்தேனென்று மாதரி தீப்புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதை கூறும். அடைக்கலப் பொருள் காப்பவருக்குப் பயன்படுவதன்று. காப்பவரே அதற்குக் கடமைப்பட்டவர். என் தாயார் காப்பியம் கற்றவரல்லர். எனினும் முற்பணத்தை அடைக்கலமாகவே கருதினார்.

ஆயினும் இவ்வறத்தைத் தனிமனிதரின் காப்பின்மீது சுமத்திவைப்பது முறையாகுமா? இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி, பெரும்பாலான தனியார் வாடகைகளில் இத்தொகையை அங்கீகரிக்கப்பட்ட திட்டமொன்றிற் பாதுகாத்தல் 2007 ஏப்ரல் 6 முதல் கட்டாயமாயிற்று. கழிவு பற்றிப் பிணக்கெழுந்தால் நடுநிலையாளர் ஆராய்ந்து முடிவு கூறுவார். அங்கே வீட்டுக்காரரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. நம்மிடையே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளைத் தீர்க்க முயல்கின்றன. ஆனால் பற்றுச்சீட்டின்றிச் செல்லும் மாணவர் அங்கு எதைக் காட்டுவார்?

ஆகவே பணம் கைமாறும் நாளிலேயே பற்றுச்சீட்டொன்றும், அறையின் நிலையை இருவரும் நோக்கிக் கையொப்பமிட்ட தாளொன்றும், அத்தொகைக்கெனத் தனிச் சேமிப்புப் புத்தகமொன்றும் இருத்தல் வேண்டும். இவற்றுக்குச் செலவு சிறிது. முற்பணம் என்னும் பெயரை மாற்றி, அடைக்கலப் பணம் என அழைப்பதற்கோ செலவேயில்லை.