புனர்பூசத்தின் சிவப்பு ஜோடி

புனர்பூசத்தின் இரண்டு பெரிய விண்மீன்களில் ஒன்று கேஸ்டர். உண்மையில் அது ஆறு விண்மீன்களின் குடும்பம். அதில் என் மனம் போய் நிற்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாத இரண்டு செங்குறுமீன்களிடம். ஒய்ஒய் ஜெமினோரம் என்று பெயர். சுமார் 50 ஒளியாண்டு தூரம். 20 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. மாறி மாறி ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

நேற்றிரவு அவற்றின் ஒளி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரகணப் பள்ளங்கள் கடிகாரம்போல வருகின்றன. நடுவே கோடு மட்டும் மெல்ல அலைகிறது. மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளிகளின் வேலை அது. நம் சூரியன் ஒருமுறை சுழல ஏறக்குறைய 25 நாள். இவற்றுக்கு ஒரு நாள்கூட வேண்டாம். இந்த வேகத்தில் காந்தப்புலம் முறுக்கேறாமல் என்ன செய்யும்? கோட்டில் திடீரென ஒரு கூர்முனை. காந்த வெடிப்பு! கோட்பாடு சொல்வதைவிட இவை சற்றே பருத்திருப்பதற்கும் இந்தக் காந்தப்புலமே காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.