உம்மம்மாவின் கழுத்து

ஸுஜூதிலிருந்து தலையை உயர்த்திய உம்மம்மா அப்படியே முஸல்லாவில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். வீடு சுற்றுகிறது என்றார். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. அன்றிலிருந்து கதிரையில் இருந்துதான் தொழுகை. ஸலாம் கொடுக்கும்போதும் கழுத்தைத் திருப்பமாட்டார். உடம்பையே மெல்லத் திருப்புவார்.

காரணம் அவரிடம் தயாராக இருந்தது. "அண்டைக்கு மூட்டை சுமந்த கழுத்து புள்ள. அதுதான் இப்ப தலையச் சுத்துது." அன்று என்றால் 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்ன நாள். ஐந்து வயது உம்மா கையில், துணிமூட்டை தலையில். அந்தக் கழுத்தை யார் மறுத்துப் பேசுவது?

கோப்பாயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். அங்கே புல்லுப் பிடுங்கும் அன்ரி, "எனக்கும் உதேதான் அம்மா. குனிஞ்சு நிமிர்ந்தா கண் இருட்டும்" என்றார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால், எழும்பும்போது இரத்த அமுக்கம் சட்டென்று இறங்கும். எனக்கும் பரீட்சைக் காலத்தில் கழுத்து இறுகித் தலை கிறுகிறுத்தது. நள்ளிரவுவரை கொப்பிக்குள் குனிந்திருந்ததும் காலைச் சாப்பாட்டை விட்டதுமே காரணம். மூன்று பேருக்கும் ஒரே முறைப்பாடு, காரணம் வேறு வேறு.

வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்புத் தேய்வு இருந்தது. இந்த வயதில் பலருக்கும் இருக்குமாம். பிறகு, "படுக்கையில புரளேக்க சுத்துதா அம்மா?" என்று கேட்டார். "ஓம்" என்றார் உம்மம்மா. அவரைப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கட்டில் விளிம்புக்குக் கீழே மெல்லத் தாழ்த்தியதும் கண்கள் துடித்தன. கோளாறு உள்காதில். அங்கே இருக்கும் நுண்ணிய கற்கள் இடம் மாறி அரைவட்டக் கால்வாய்க்குள் போய்விட்டன. அவை கல்சியம் காபனேற்று. எங்கள் கிணற்றடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதேதான். தலை அசைய அவை உருளும், மூளை உடம்பே சுற்றுவதாக நம்பும். சுற்றுமோ என்ற பயத்தில் கழுத்தை அசைக்காமல் வைத்திருந்ததால்தான் அது இவ்வளவு இறுகியதாம்.

தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கற்களை வெளியேற்றும் முறை அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லியுடையது. சில நிமிட வேலை. உள்காதின் சமநிலையை ஆராய்ந்த றொபேட் பரானிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி என்று வாசித்துக் காட்டினேன். "பாவம், அவருக்கும் கழுத்து நொந்திருக்கும்" என்றார் உம்மம்மா.

சுற்று நின்றது. ஆனால் மூட்டையின் குற்றம் தள்ளுபடியானதில் அவருக்கு முழுச் சம்மதமில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியாததும் கழுத்தில் இருக்கும்.

வைத்தியர் ஒன்றை அழுத்திச் சொன்னார். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கைகால் சோர்ந்தாலோ, திடீரென்று கழுத்து கடுமையாக வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ தாமதிக்காமல் அம்புலன்ஸை அழைக்கவேண்டும். சுவசெரிய இலக்கம் 1990.

"வேற நம்பர் இல்லையா?" என்று கேட்டார் உம்மம்மா.

அதை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அடுத்த நாள் அதற்கு மேல் கலண்டர் தொங்கியது. உம்மம்மா நிலத்தில் ஸுஜூது செய்துகொண்டிருந்தார்.