கரும்பலகையின் கடைசி வரி



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது தாயார் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவருடைய மகன் என் முன்னாள் மாணவன். பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, மின்னணுப் பொறியியலில் பட்டம் பெற்று, 2022-ஆம் ஆண்டு முதல் பினாங்கில் பணியாற்றி வருகிறான்.

“டீச்சர், நீங்க சொன்னா அவன் கேட்பான். முன்னெல்லாம் மாசம் ரெண்டு தடவை வீட்டுக்கு வருவான். இப்போ ஞாயித்துக்கிழமையானா யார் பிள்ளைங்களுக்கோ பாடம் சொல்லித் தர்றானாம். அவன் எழுத வேண்டிய பரீட்சைக்கும் படிக்கிறதில்ல” என்று கண் கலங்கினார்.

தாயாரின் கவலையில் நியாயம் இருந்தது. பொறியியல் பட்டம் பெற்றால் மட்டும் போதாது. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, சில ஆண்டுகள் அனுபவம் பெற்று, அதன் பின்னர் தேர்வில் தேறினால்தான் முழுத் தகுதி கிட்டும். இளமையில் அதை முடித்துக்கொள்வதே நல்லது. அறிவுரை கூறி வருகிறேன் என்று அவருக்கு வாக்களித்தேன்.

ஈப்போவில் இரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் தீவை அடைந்தேன். அவன் என்னை அழைத்துச் செல்லக் காத்திருந்தான். வழியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைக் காட்டினான். 1972-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் அமைத்தது. அன்று முதல் எத்தனையோ ஊர்களின் பிள்ளைகளை இத்தீவு ஈர்த்து வருகிறது. நம் தோட்டத்துப் பிள்ளையும் அவர்களுள் ஒருவன். கணினிச் சில்லுகள் விற்பனைக்குப் போகுமுன் அவற்றைச் சோதிக்கும் பிரிவில் அவனுக்கு வேலை.

வந்த புதிதில் அவனுக்கு அங்கு ஒருவரையும் தெரியாதாம். வேலை, அறை, கைப்பேசி என்றே நாள்கள் கழிந்தனவாம். 2023-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் சென்றவன், ஒரு தண்ணீர்ப் பந்தலில் ஆள் குறைவாக இருந்ததைக் கண்டு மோர் ஊற்றிக் கொடுக்க நின்றிருக்கிறான். அப்பந்தலை அமைத்தவர்கள் ஒரு மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். “தம்பி என்ன படிச்சிருக்கீங்க?” என்று ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே அவருடைய இரு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டான். நான் சென்றபோது, அக்குடியிருப்பின் கீழ்த்தளப் பொது மண்டபத்தில் 19 பிள்ளைகள் அமர்ந்திருந்தனர்.

அன்று புதிதாக ஒரு சிறுவன் வந்திருந்தான். அவனை மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் நிறுத்தி, “பலகையில் கடைசி வரியை வாசி, தம்பி” என்றான் என் மாணவன். சிறுவன் வாசித்தான். அதன் பிறகே அமர இடம் காட்டினான். புதிதாக வரும் எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல் பாடமாம்.

எனக்கு நெஞ்சு படபடத்தது.

2008-ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சியை முடித்து நான் பணியேற்ற முதல் ஆண்டு. மூன்றாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இவன், கரும்பலகையில் எழுதியதைப் பெயர்த்தெழுத மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுவான். சோம்பேறி என்றேன். பிறரைப் பார்த்து எழுதுபவன் என்றேன். வகுப்பின் முன்னே நாற்காலியின் மீது நிற்க வைத்தேன். மறு ஆண்டு கண் பரிசோதனைக்குப் பள்ளிக்கு வந்த தாதியர்தாம் அவனுக்குக் கிட்டப்பார்வை என்று கண்டறிந்தனர். கண்ணாடி அணிந்த பின் அவன் வகுப்பில் முதல் மூவருள் ஒருவனானான். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானோ அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அதைக் கேட்டேன். 17 ஆண்டுகள் தாமதமான மன்னிப்பு.

“நினைவிருக்கிறது, டீச்சர். நாற்காலியில் நின்றபோதுதான் பலகை எனக்கு அருகில் இருந்தது. அன்றுதான் முழுவதையும் வாசித்தேன்” என்று கூறிச் சிரித்தான்.

பிறகு தன் வேலையைப் பற்றி ஒன்று சொன்னான். ஒரு சில்லு சோதனையில் தோற்றால் உடனே எறிந்துவிட மாட்டார்களாம். சில்லைப் பொருத்தும் இடத்தில் தூசு படிந்திருந்தாலும், சோதிக்கும் கருவி பிசகியிருந்தாலும் நல்ல சில்லும் தோற்றதாகவே காட்டுமாம். ஆகவே கருவியைச் சரிபார்த்து மறுபடியும் சோதிப்பார்களாம். என்னைக் குறித்து அவன் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

இருந்தாலும், வந்த வேலையை நான் மறக்கவில்லை. ஊருக்கு உழைப்பவன் தாயின் கண்ணீருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் மறுக்கவில்லை. அக்குடியிருப்பிலேயே கல்லூரிக்குச் செல்லும் இரு பெண்கள் இருக்கிறார்கள். மாதத்தில் இரு ஞாயிறுகளை அவர்கள் ஏற்றுக்கொள்வது என முடிவாயிற்று. ஒரு ஞாயிறு அம்மாவுக்கு, இன்னொன்று தேர்வுக்கு. இன்றுவரை அப்படியே நடந்து வருகிறது. அவன் ஒருவனையே நம்பியிராமல் வகுப்பு நடப்பது எனக்கு இரட்டிப்பு நிம்மதி.

1816-ஆம் ஆண்டு இம்மண்ணில் தமிழ்க்கல்வி தொடங்கியது அதே பினாங்குத் தீவில்தான். அதன் 200-ஆம் ஆண்டை 2016-இல் விழா எடுத்துக் கொண்டாடினோம். அவ்வரலாற்றில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திற்கும் சிறு இடம் உண்டென்றே எண்ணுகிறேன்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளைப் ‘பெரிய ஊருக்குப் போ, முன்னேறு’ என்று அனுப்பி வைக்கிறோம். அங்கே நான்கு பேருக்குத் தெரிந்தவனாக வாழவும் சொல்லி அனுப்புவோம். தனிமை அவர்களைத் தின்றுவிடக் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, பள்ளி திறந்த முதல் நாள் நானும் என் மாணவர்களை ஒவ்வொருவராகக் கடைசிச் சுவரோரம் நிறுத்தினேன். 26 பேரில் இருவரால் கடைசி வரியை வாசிக்க இயலவில்லை. அன்று மாலையே அவர்களின் பெற்றோரை அழைத்துப் பேசினேன்.

உங்கள் வகுப்பிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.