இலை விற்கும் ஊர்

கஜா புயலில் எங்கள் தோப்பின் 120 தென்னைகளில் 9 மட்டுமே நின்றன. அதனால், ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, "குளிர்ல தோட்டம் மொத்தமும் பட்டுப்போன ஊர் ஒண்ணு இருக்குப்பா" என்று அவன் சொன்னதும், கூட்டிப் போகச் சொன்னேன்.

ஊர் கமிகட்சு. ஷிகோகு தீவில், தோகுஷிமா பகுதியின் மலைக்குள் இருக்கிறது. 1,500 பேருக்கும் குறைவு. பாதிக்கு மேல் வயதானவர்கள். 1981-ல் வந்த கடுங்குளிரில் அவர்களுடைய கமலா ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின.

அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் தோமோஜி யோகோயிஷி என்றொரு இளைஞர் இருந்தார். ஒசாகா உணவகம் ஒன்றில், தட்டில் அழகுக்கு வைத்த சிவந்த மேப்பிள் இலையைப் பார்த்து இளம்பெண்கள் மகிழ்ந்ததைக் கவனித்தார். இதை நாமே விற்கலாமே என்று ஊரில் சொன்னபோது சிரித்தார்களாம். எங்கள் ஊராக இருந்தாலும் சிரித்திருப்போம்! 1986-ல் தொடங்கிய பிறகும் முதலில் சரியாக விற்கவில்லை. சமையல்காரருக்கு எந்த மாதம் எந்த இலை, எந்த அளவில் வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாது. யோகோயிஷி தன் கைக்காசைச் செலவழித்து, பெரிய உணவகங்களில் சாப்பிட்டே அதைக் கற்றுக்கொண்டார்.

இன்று 300-க்கும் மேற்பட்ட வகை இலைகளும் பூங்கொத்துகளும் போகின்றன. நாங்கள் பார்த்த பாட்டி ஓட்டை, கறை இல்லாத இலைகளை ஒரே அளவாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்லெட். ஆர்டர் அதில்தான் வரும், முந்துகிறவருக்கே கிடைக்கும்.

இந்த ஊருக்குக் குப்பை வண்டியும் கிடையாது. வீட்டுக் குப்பையை மக்களே கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். அது எங்கே போகிறது, ஊருக்கு வரவா செலவா என்று தொட்டிக்குத் தொட்டி எழுதியிருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குதான் பிடித்தது. கஷிஹாராவின் அடுக்கு வயல்களை மழையில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

கிளம்பும்போது பாட்டி என் நிலத்தைப் பற்றிக் கேட்டார். மகன் மொழிபெயர்த்தான். புதுத் தென்னங்கன்றுகளுக்கு நடுவே வாழை போட்டிருக்கிறேன் என்றேன்.

"யார் வாங்குகிறார்கள்?"

"வியாபாரி."

"அவர் யாருக்கு விற்கிறார்?"

முப்பது வருடமாக விவசாயம் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை.